பழைய அவுட்போர்டு மோட்டாருக்குப் புரொப்பெல்லர் பார்த்து வாங்குவது எப்படி

கடலூரிலும் புதுச்சேரியிலும் படகின் பின்பலகையில் மாட்டும் பழைய சிறு அவுட்போர்டு மோட்டார் கைமாறும்போது கூடவே ஒரு புரொப்பெல்லரும் வந்துவிடும். அது முன்பு வைத்திருந்தவரின் படகுக்காக மாட்டப்பட்டது. அவருடையது இரண்டு பேர் போகும் இலேசான தோணியாக இருந்திருக்கலாம். நீங்கள் மாட்டப்போவது வலையும் ஐஸ் பெட்டியும் நான்கு ஆட்களும் ஏறும் ஃபைபர் படகாக இருக்கலாம். மோட்டார் ஒன்றுதான் என்றாலும் இரண்டுக்கும் ஒரே புரொப்பெல்லர் ஒத்துவராது.

2 முதல் 15 குதிரைத்திறன் வரையுள்ள பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. ஜான்சன், எவின்ரூட், மெர்க்குரி, யமஹா, சுசுகி, சீகல் எல்லாம் இதில் அடங்கும். நீளத் தண்டு வைத்த டீசல் இன்ஜின்களின் கணக்கு வேறு. அதை இங்கே தொடவில்லை.

முதலில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்று. வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு திராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) முழுக்கத் திறந்தால், நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று கம்பெனி குறித்த வரம்புக்குள் மோட்டார் சுழல வேண்டும். அப்படிச் சுழல விடும் புரொப்பெல்லர்தான் சரியானது. "வேகம் கொடுக்கும் புரொப்பெல்லர்", "இழுவை கொடுக்கும் புரொப்பெல்லர்" என்று கடையில் சொல்லும் பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான்.

எண்கள் சொல்வது

புரொப்பெல்லரின் குடத்திலோ (இறக்கைகள் சேரும் நடுப்பகுதி) இறக்கையின் அடியிலோ 8½ × 7½ என்பது போல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். இரண்டுமே இன்ச்சில். மரத்தில் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு எவ்வளவு உள்ளே ஏறுமோ, அதுபோல ஒரு சுற்றுக்கு புரொப்பெல்லர் எவ்வளவு முன்னேற வேண்டும் என்ற கணக்குத்தான் பிட்ச். தண்ணீர் மரம் போல் கெட்டியாக நிற்காது, நழுவும். அதனால் கணக்கில் வரும் தூரத்தை விட உண்மையில் போகும் தூரம் குறைவு. இந்த நழுவலைத்தான் ஸ்லிப் என்கிறோம். ஸ்லிப் இருப்பது கோளாறு அல்ல. நழுவலே இல்லாவிட்டால் தள்ளுதலே இருக்காது.

பிட்ச் கூடக் கூட மோட்டாருக்குப் பாரம் கூடும், சுற்று இறங்கும். பெரிய கியரில் சைக்கிளை மேட்டில் மிதிப்பது போல. விட்டம் கூடினாலும் இதேதான், ஆனால் இன்னும் கடுமையாக. விட்டத்தில் அரை இன்ச் மாற்றம், பிட்சில் ஒரு இன்ச்சுக்கும் மேலான மாற்றத்துக்குச் சமம். ஆகவே புதியவர்கள் விட்டத்தில் கை வைக்க வேண்டாம். கம்பெனி கொடுத்த விட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு பிட்சை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

இறக்கைகளின் எண்ணிக்கை மூன்றாவது விஷயம். 1940, 50களின் சிறு மோட்டார்களில் இரண்டு இறக்கை சகஜம். பிறகு மூன்று வழக்கமானது. பாரம் ஏற்றி மெதுவாகப் போகும் படகுக்கு நான்கு இறக்கை நல்ல பிடிப்புத் தரும், அதிர்வும் குறையும். அதே விட்டத்தில் மூன்றிலிருந்து நான்குக்கு மாறினால் பிட்சை ஒரு இன்ச் குறைத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்று இறங்கிவிடும்.

புரொப்பெல்லர் மேல் பழி போடும் முன்

பழைய மோட்டார் சுற்று எடுக்காததற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு சிலிண்டர் வேலை செய்யாத இரட்டைச் சிலிண்டர் மோட்டாருக்கு எந்தப் புரொப்பெல்லரை மாட்டினாலும் கனமாகத்தான் தோன்றும். அதனால் முதலில் இவற்றைப் பாருங்கள்.

இரண்டு பிளக்கையும் கழற்றி கம்ப்ரெஷன் அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங் அல்லது கேஸ்கெட் வேலை முதலில். ஓடும்போது ஒரு பிளக்கின் இணைப்பைத் துண்டித்தால் சத்தம் மாற வேண்டும். மாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் சும்மா இருக்கிறது. இதற்கு ரப்பர் பிடியுள்ள இடுக்கி அவசியம், வெறுங்கையில் தொடக் கூடாது. அடுத்தது திராட்டில்: கைப்பிடியை முழுக்கத் திருகும்போது கார்புரேட்டர் வாய் உண்மையிலேயே முழுக்கத் திறக்கிறதா? பழைய மோட்டார்களில் இணைப்புக் கம்பி தேய்ந்து முக்கால்வாசி மட்டுமே திறப்பது அடிக்கடி நடக்கும்.

எரிபொருள் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி உப்பி உள்துளை சுருங்கிவிடும். கார்க் மிதவை வைத்த மிகப் பழைய கார்புரேட்டர்களில், கார்க் மேல் பூசிய ஷெல்லாக் கரைந்து மிதவை மூழ்கும். குழாயை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிட்டுத்தான் சோதனைக்கு இறங்க வேண்டும். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுபவர்கள் அதே எரிபொருளிலேயே சோதிக்க வேண்டும். அதில் வலு குறையும் என்பதால் பெட்ரோலில் எடுத்த அளவு உதவாது.

கடைசியாகப் படகின் அடி. உப்பனாற்றிலோ அரியாங்குப்பம் ஆற்றிலோ ஒரு மாதம் கட்டிக் கிடந்த படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஏறியிருக்கும். சுரண்டாமல் எடுத்த அளவு சுத்தமான படகுக்குப் பொருந்தாது.

கையில் இருக்கும் புரொப்பெல்லரை அளப்பது

எண் தெளிவாக இருந்தால்கூட நம்பிவிட வேண்டாம். தரையில் தட்டியது, சுத்தியலால் நிமிர்த்தியது, அரத்தால் ஓரம் குறைத்தது என்று பழைய புரொப்பெல்லருக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கும். எண் முழுக்கத் தேய்ந்துபோனதும் உண்டு. அளந்துவிடுவது நல்லது, அரை மணி நேர வேலை.

விட்டத்துக்கு, தண்டுத் துளையின் நடுவிலிருந்து ஓர் இறக்கையின் நுனி வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். மூன்று இறக்கைப் புரொப்பெல்லரில் நுனிக்கு நுனி அளந்தால் தவறான எண் வரும்.

பிட்சுக்கு ஒரு சமமான மேசை, வெள்ளைத் தாள், மூலைமட்டம், கோணமானி போதும்.

1. தாளின் மேல் புரொப்பெல்லரைத் துளை செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். துளையின் நடுவைத் தாளில் குறியுங்கள்.

2. மையத்திலிருந்து நுனி வரையுள்ள தூரத்தில் 70 சதவீதத்தை ஒவ்வொரு இறக்கையிலும் குறியுங்கள். 8½ இன்ச் விட்டம் என்றால் மையத்திலிருந்து நுனிக்கு 108 மி.மீ.; அதில் 70 சதவீதம் 76 மி.மீ.

3. அந்த 76 மி.மீ. வட்டத்தில் இறக்கையின் முன் ஓரம் மேசையிலிருந்து எவ்வளவு உயரம், பின் ஓரம் எவ்வளவு உயரம் என்று மூலைமட்டத்தால் அளந்து எழுதுங்கள். அந்த இரண்டு இடங்களையும் நேராகக் கீழே இறக்கித் தாளில் புள்ளி வையுங்கள்.

4. புரொப்பெல்லரை எடுத்துவிட்டு, மையத்திலிருந்து இரண்டு புள்ளிகளுக்கும் கோடு போட்டுக் கோணத்தை அளக்கவும்.

5. உயர வித்தியாசத்தை 360-ஆல் பெருக்கி, அந்தக் கோணத்தால் வகுக்கவும். விடை மில்லிமீட்டரில் பிட்ச். 25.4-ஆல் வகுத்தால் இன்ச்.

உயர வித்தியாசம் 39 மி.மீ., கோணம் 78 பாகை என்று வந்தால்: 39 × 360 ÷ 78 = 180 மி.மீ. கிட்டத்தட்ட 7 இன்ச் பிட்ச்.

மூன்று இறக்கைகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று 7, இன்னொன்று 7½ என்று வந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது. அதை வைத்து மற்ற கணக்குகளைப் போட்டால் எல்லாமே கோணலாகும். பின் ஓரம் உள்பக்கமாக மெல்ல மடிந்திருந்தால் அது வளைவு அல்ல. கப் என்று சொல்லும் வேண்டுமென்றே வைத்த மடிப்பு. எல்லா இறக்கையிலும் ஒரே மாதிரி இருக்கும். கப் இருந்தால் அளந்த பிட்சோடு அரை இன்ச் முதல் ஓர் இன்ச் வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

கியர் விகிதம்

மோட்டார் சுழலும் வேகத்தில் புரொப்பெல்லர் சுழலாது. இடையே பல்சக்கரம் உண்டு. விகிதம் தெரியாவிட்டால் பிளக்குகளைக் கழற்றி, முன் கியரில் போட்டு, மோட்டாரின் மேல் சக்கரத்தைக் (ஃப்ளைவீல்) கையால் 27 சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுங்கள். 13 என்றால் 27 ÷ 13, அதாவது 2.08. சிறு மோட்டார்களில் இது பலவிதமாக இருக்கும். சீகல் போன்ற சில மோட்டார்களில் புரொப்பெல்லர் மிக மெதுவாகச் சுழலும்படி அமைத்திருப்பார்கள். அதனால்தான் அவ்வளவு சின்ன மோட்டாருக்கு அவ்வளவு பெரிய புரொப்பெல்லர்.

சுற்றை அளப்பது

காதால் சுற்றைச் சொல்ல முடியும் என்று பலர் நம்புகிறார்கள். 4100-க்கும் 4700-க்கும் உள்ள வித்தியாசம் காதுக்குப் பிடிபடாது, பிஸ்டனுக்குப் பிடிபடும். பிளக் ஒயரில் சுற்றிக் கட்டும், சுற்றை எண்ணும் சின்ன டிஜிட்டல் டாக்கோமீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. அதன் ஒயரைப் பிளக் ஒயரில் நான்கைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றினால் போதும். டூ-ஸ்ட்ரோக்கில் பொதுவாக ஒரு சுற்றுக்கு ஒரு பொறி. மீட்டரை அப்படியே அமைக்க வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் அமைப்பிலேயே விட்டுவிட்டால் இரண்டு மடங்காகக் காட்டும். 9000 என்று காட்டினால் மோட்டார் பறக்கவில்லை, மீட்டர் அமைப்புத்தான் தப்பு.

மேல் மூடியைக் கழற்றி ஒளி அடித்து அளக்கும் மீட்டர் வேண்டாம். திறந்த சக்கரத்தின் பக்கத்தில், ஆடும் படகில், துண்டும் லுங்கியும் கட்டிக்கொண்டு குனிவது ஆபத்து.

கம்பெனியின் சுற்று வரம்பு மோட்டாரின் கையேட்டில் இருக்கும். மாடல் எண் பெரும்பாலும் படகில் மாட்டும் கிளாம்பின் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும். அதை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும். 1950களின் சிறு ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் 4000 சுற்றுக்கு அருகே ஓட வடிவமைக்கப்பட்டவை. 1970களுக்குப் பிந்தைய பல மோட்டார்களில் 4500 முதல் 5500 வரை. 1955-ஆம் வருட மோட்டாரை 5000-இல் ஓடவிட்டுப் பெருமைப்படுவது அதன் ஆயுளைக் குறைப்பதுதான். பழைய குதிரைத்திறன் எண்ணையும் இன்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம். 1980களின் நடுப்பகுதி வரை இன்ஜின் தலையில் அளந்த வலுவைத்தான் எழுதினார்கள். பிறகுதான் புரொப்பெல்லர் தண்டில் அளப்பது வழக்கமானது.

சோதனைக்குக் காலை நேரம் நல்லது. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். உப்பனாறு, சுண்ணாம்பாறு போன்ற அமைதியான நீர் வசதி. ஆனால் ஆழம் இரண்டு மீட்டராவது வேண்டும். ஆழமில்லாத நீரில் படகின் பின்புறம் அமுங்கி, அளவு தவறாகும். படகுகள் கட்டிக் கிடக்கும் இடத்திலும் ஆட்கள் குளிக்கும் இடத்திலும் முழு வேகம் கூடவே கூடாது. தேங்காய்த்திட்டு, கடலூர் துறைமுகம் இரண்டிலும் உள்வாய்க்கால் நெரிசலானது; தாண்டிப் போய் சோதியுங்கள்.

வழக்கமான பாரத்தை ஏற்றுங்கள். ஆள் இல்லையென்றால் தண்ணீர் கேன்கள் போதும்; 20 லிட்டர் கேன் 20 கிலோ. உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பழைய மோட்டார்கள் பலவற்றில் நியூட்ரலும் கிடையாது, விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிறும் கிடையாது. ஸ்டார்ட் கயிற்றை இழுத்ததும் படகு பாயும். மோட்டார் சூடானதும் முழுத் திராட்டிலில் ஒரு நிமிடம் ஓட்டிச் சுற்றையும், போனின் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் எழுதுங்கள். திரும்பி எதிர்த்திசையில் அதே ஓட்டம். இரண்டின் சராசரியே உங்கள் எண்; நீவாடு (நீரோட்டம்) ஒரு பக்கம் உதவி, மறுபக்கம் தடுத்திருக்கும்.

கணக்கு

வரம்பு 4500 முதல் 5500. கையில் இருப்பது 8½ × 8½. வந்த சுற்று 4100. அதாவது புரொப்பெல்லர் கனம், பிட்ச் குறைய வேண்டும். எவ்வளவு?

பிட்சில் ஓர் இன்ச்சுக்கு 150 முதல் 200 சுற்று மாறும் என்று எங்கும் எழுதியிருக்கும். அது 17, 19 இன்ச் பிட்ச் போடும் பெரிய மோட்டார்களுக்கான எண். சிறு மோட்டாருக்கு அதை எடுத்தால் ஏமாறுவோம். 8½ இன்ச்சில் ஓர் இன்ச் என்பது எட்டில் ஒரு பங்குக்கு அருகில். 19-இல் ஓர் இன்ச் அப்படியல்ல. சிறு புரொப்பெல்லருக்கு நெருக்கமாக வரும் கணிப்பு இது: பழைய பிட்சைப் புதிய பிட்சால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைப் பழைய சுற்றோடு பெருக்குங்கள்.

8½-இலிருந்து 7½-க்குப் போனால்: 8.5 ÷ 7.5 = 1.133. வர்க்கமூலம் 1.065. 4100 × 1.065 = சுமார் 4365. இன்னும் வரம்புக்குக் கீழே. 7 இன்ச் என்றால் சுமார் 4520, வரம்பின் வாசலில். 6½ என்றால் சுமார் 4690. இங்கே 6½ எடுக்க வேண்டும். படகு எப்போதும் சோதனை நாளைவிடக் கொஞ்சம் கூடுதல் பாரத்தோடும் கொஞ்சம் அழுக்கு அடியோடும்தான் ஓடும். வாசலில் நிற்கும் புரொப்பெல்லர் அன்று கனமாகிவிடும்.

பிறகு ஸ்லிப்பைப் பாருங்கள். மோட்டார் சுற்றை பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1215-ஆலும் வகுத்தால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் நழுவல் இல்லாத வேகம். 4690 × 6.5 ÷ 2.08 ÷ 1215 = சுமார் 12. ஜி.பி.எஸ். 7 நாட் காட்டினால் ஸ்லிப் 42 சதவீதம். பாரம் ஏற்றித் தண்ணீரைக் கிழித்துப் போகும் படகுக்கு இது இயல்பு, பயப்பட வேண்டாம். இலேசான படகு நீர்மேல் எழும்பி ஓடும்போது 15 முதல் 25 வரை இருக்கும். பாரப் படகில் 60-ஐத் தாண்டினால்தான் வேறு ஏதோ தவறு: பெரும்பாலும் காற்று இழுப்பது, அல்லது ரப்பர் குடம் வழுக்குவது. இரண்டையும் கீழே பார்ப்போம்.

சுற்று வரம்புக்கு மேலே போனால் தலைகீழ். பிட்சைக் கூட்டுங்கள். ஆனால் இந்தக் கரையில் புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் அதிக பிட்ச்தான். "பெரிய நம்பர் போட்டால் வேகம் வரும்" என்று நம்பி வாங்குகிறார்கள். முழுத் திராட்டிலில் 4100-இல் மூச்சுத் திணறும் மோட்டாருக்கு வேகம் வராது. எரிபொருள் அதிகம் குடிக்கும், கரி படியும், ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பிஸ்டன் தலை உருகும். அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது பிடிப்பும் இருக்காது. தாழங்குடா, தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போலக் கரையிலிருந்து அலையைத் தாண்டி இறங்கும் படகுக்கும், மணல்திட்டு ஏறும் முகத்துவாரத்தைக் கடக்கும் படகுக்கும் குறைந்த பிட்ச்தான் சரி. அங்கே தேவைப்படுவது முதல் ஐம்பது மீட்டரில் கிடைக்கும் தள்ளுதல். ஆற்றுக்குள் மட்டும் இரண்டு பேரோடு ஓடும் தோணி என்றால் ஓர் இன்ச் கூட்டிக்கொள்ளலாம்.

வாங்கும்போது

விட்டமும் பிட்சும் பொருந்திவிட்டால் போதாது. தண்டில் ஏற வேண்டும். அதே குதிரைத்திறன், அதே கம்பெனி என்றாலும் வருடம் மாறினால் தண்டும் மாறும். பழைய புரொப்பெல்லரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பார்க்க வேண்டியவை: துளையின் விட்டம், பின் (குறுக்கே செருகும் சிறு கம்பி) செல்லும் பள்ளமா அல்லது பல்வரிசையா, பல்வரிசை என்றால் எத்தனை பல், குடத்தின் நீளம், முன்புறத் தாங்கு வளையம் உட்காரும் இடம். யமஹாவில் எண்களுக்குப் பின் ஜே1, என் என்று ஓர் எழுத்து இருக்கும். அது தண்டு வகை. அந்த எழுத்து ஒத்திருக்க வேண்டும். சுழலும் திசையும் பாருங்கள். பின்னாலிருந்து பார்த்தால் சிறு மோட்டார்களில் பெரும்பாலும் கடிகாரத் திசை.

உலோகம் அலுமினியமே போதும், அதுவே நல்லதும்கூட. தரையில் தட்டினால் இறக்கை வளையும், பல்சக்கரம் தப்பும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையாது. அடி நேராகப் பல்சக்கரத்துக்குப் போகும். பழைய மோட்டாருக்குப் பல்சக்கரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெண்கலப் புரொப்பெல்லர் பார்க்க அழகு, ஆனால் உப்பு நீரில் மோட்டாரின் அலுமினியக் காலோடு (நீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி) சேர்ந்தால் அந்தக் காலை அரிக்கும். வெண்கலம்தான் கிடைத்தது என்றால் துத்தநாக ஆனோடு (தான் அரிபட்டுக் காலைக் காப்பாற்றும் உலோகத் துண்டு) அவசியம். அதன் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. மெக்னீசியம் ஆனோடு நன்னீருக்கு மட்டும். பிளாஸ்டிக் புரொப்பெல்லர் மாற்றுக்கு எடுத்துப்போக உகந்தது.

பழையதை அச்சு வைத்துப் பட்டறையில் வார்த்துத் தருவதாகச் சொல்வார்கள். வேறு வழியில்லாத மோட்டாருக்கு அது நல்ல யோசனையே. ஆனால் அலுமினியம் குளிரும்போது 1.3 சதவீதம் அளவுக்குச் சுருங்கும். 9 இன்ச் புரொப்பெல்லரை அப்படியே அச்சாக வைத்தால், வந்து சேர்வது 3 மி.மீ. சிறியது. அச்சு வைக்கும் முன் இறக்கை நுனிகளில் அந்த அளவைக் கூட்டி, துளையை லேத்தில் கடைந்து, பிறகு மேலே சொன்ன முறையில் மூன்று இறக்கையையும் அளந்து பார்க்க வேண்டும். அளக்காமல் மாட்டினால், தண்டு வழியாகத் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை அதிர்வு தின்றுவிடும்.

பின் என்ற சிறு கம்பி

பழைய மோட்டாரில் இதைவிட முக்கியமான பொருள் கிடையாது. ஷியர் பின், புரொப்பெல்லர் எதிலாவது மாட்டினால் தான் முறிந்து பல்சக்கரத்தைக் காப்பாற்றும். அதனால் அது மென்மையான பித்தளையிலோ கம்பெனி சொன்ன உலோகத்திலோ இருக்க வேண்டும். முறிந்த இடத்தில் கான்கிரீட் ஆணியையோ ஸ்டீல் கம்பியையோ வெட்டிப் போடுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்த முறை மணலில் தட்டும்போது முறிவது தண்டாகவோ பல்லாகவோ இருக்கும்.

அளவிலும் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்க மோட்டார்களில் பின் இன்ச் கணக்கில். 3/16 இன்ச் என்றால் 4.76 மி.மீ. நம் கடைகளில் கிடைக்கும் 5 மி.மீ. கம்பி அந்தத் துளையில் போகாது. துளையைப் பெரிதாக்கினால் தண்டு பலவீனமாகும். 4.5 மி.மீ. கம்பி சுலபமாகப் போகும், ஆனால் ஆடி ஆடித் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். 5 மி.மீ. பித்தளைக் கம்பியை லேத்தில் 4.75-க்குக் கடைந்து பத்து பின் வெட்டிக்கொள்வதே சரி.

குடத்துக்குள் ரப்பர் இருக்கும் புரொப்பெல்லரில் கதை வேறு. அங்கே அடியை வாங்குவது ரப்பர். பின் கெட்டியானதாகத்தான் இருக்க வேண்டும், முறியக் கூடாது. எது உங்களுடையது என்று முதலில் பாருங்கள். சீகலில் பின்னுக்குப் பதில் ஒரு சுருள்வில் தண்டையும் புரொப்பெல்லரையும் இணைக்கிறது. அதைக் கழற்றிவிட்டு பின்னாக மாற்ற வேண்டாம்.

மாட்டுவது

பிளக் ஒயர்களைக் கழற்றிவிட்டுத்தான் புரொப்பெல்லரைத் தொட வேண்டும். கையால் சுழற்றும்போது சூடான மோட்டார் ஒரு பொறி கொடுத்தால் விரல் போய்விடும். தண்டைத் துடைத்து, சீலைச் சுற்றித் தங்கூசி (நைலான் மீன்பிடி நூல்) இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் தாங்கும் கிரீஸைத் தண்டு முழுக்கத் தடவவும். கிராஃபைட் கலந்த கிரீஸ் உப்பு நீரில் அரிப்பைத் தூண்டும், வேண்டாம். தாங்கு வளையம், புரொப்பெல்லர், பின், நட்டு, நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின் என்ற வரிசையில் ஏற்ற வேண்டும். காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிதாக, ஸ்டெயின்லெஸ்ஸில். நட்டை வெறி கொண்டு இறுக்க வேண்டியதில்லை. கையால் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும்.

ரப்பர் குடம் என்றால் இன்னொரு வேலை: உள் குழாய்க்கும் வெளிக் குடத்துக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டு துண்டாக விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது. மெதுவாகப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். திராட்டிலைத் திறந்ததும் மோட்டார் மட்டும் அலறும், படகு நகராது. இதைக் குறைந்த பிட்ச் என்று தவறாக எண்ணி அதிக பிட்ச் வாங்குபவர்கள் உண்டு.

அதே அலறல் திருப்பத்திலும் அலையிலும் மட்டும் வந்தால் அது காற்று இழுப்பது. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும், கேவிடேஷன் பிளேட் என்று எல்லோரும் சொல்லும் தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ 25 மி.மீ. வரை கீழேயோ இருக்க வேண்டும். அலையில் இறங்கும் படகுக்கு இன்னும் இரண்டு விரல் ஆழம் தப்பில்லை. குட்டைத் தண்டு மோட்டாருக்குப் பின்பலகை உயரம் சுமார் 15 இன்ச், நெட்டைத் தண்டுக்கு 20. குட்டையை 20 இன்ச் பலகையில் மாட்டினால் எந்தப் புரொப்பெல்லரும் காற்றைத்தான் பிசையும்.

இறக்கை ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்தால் அரத்தால் வழவழப்பாக்கலாம். பிறகு துளையில் ஒரு நேர்க்கம்பி செருகி, இரண்டு கத்தி முனைகளில் படுக்கவைத்துச் சமநிலை பாருங்கள். எந்த இறக்கை எப்போதும் கீழே வருகிறதோ அது கனம். அதன் முன்புற உப்பிய முகத்தில் கொஞ்சம் அராவுங்கள், நுனியில் அல்ல. குடத்தின் அருகே வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்த வேண்டாம், விரிசல் விடும்.

பழைய புரொப்பெல்லரைத் தூக்கிப் போடாதீர்கள். அதை, நான்கு பின்கள், இரண்டு காட்டர் பின்கள், ஸ்பானர், இடுக்கி, வலை அறுக்க ஒரு கத்தி ஆகியவற்றோடு ஒரு மூடிய டப்பாவில் போட்டுப் படகிலேயே வையுங்கள். இந்த டப்பா இல்லாமல் முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையோரம் மேலே வந்து மூச்சு விடும். அந்தப் பருவத்தில் கரைக்கு அருகே திராட்டிலைக் குறைத்து ஓட்டுங்கள். இறக்கை பட்டால் அவை பிழைப்பது அரிது.

மாதம் ஒரு முறையாவது புரொப்பெல்லரைக் கழற்றித் தங்கூசி பார்க்க வேண்டும். நம் ஆற்றிலும் துறைமுகத்திலும் அறுந்து மிதக்கும் வலைத் துண்டு ஏராளம். ஒரு முழ நூல் தண்டைச் சுற்றிச் சீலுக்குள் போய்விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவை இலேசாகத் திறந்து எண்ணெயை ஒரு சொட்டு விரலில் எடுங்கள். தேன் நிறத்தில் இருந்தால் சரி. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. சீலை மாற்றி, எண்ணெயை முழுக்க வடித்துப் புதிதாக நிரப்பும் வரை அந்த மோட்டாரைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.